தேறிய உடம்பு

ஹிதாயத்துல்லா பிறந்து வளர்ந்த வீட்டில் இரண்டு சொற்களுக்கு மற்ற சொற்களைவிடக் கனம் அதிகம். ஒன்று தேறுவது, இன்னொன்று இளைப்பது. அதற்குக் காரணம் அவருடைய அத்தா, அதாவது தகப்பனார். கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து சைக்கிளில் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய் விற்றவர். சாதாரண இருமலாகத் தொடங்கியது காசமாக முற்றி, மாதத்துக்கு மாதம் ஆள் வற்றிப்போனார். அவர் இறந்தபோது மையித்தைக் குளிப்பாட்டப் போனவர்கள், பச்சைப்பிள்ளையைத் தூக்குவதுபோல் ஒரே ஆள் தூக்கிவிட்டதாக வெளியே வந்து சொன்னார்கள். அப்போது ஹிதாயத்துல்லாவுக்கு ஒன்பது வயது. அக்கா சலீமா பீவிக்குப் பதினாறு. அந்தப் பேச்சை இரண்டு பேரும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்கள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாருக்காவது கன்னம் ஒட்டினால் உலையில் இன்னொரு பிடி அரிசி விழும். "இளைச்சுட்டியேடா" என்று அக்கா சொன்னால் அது விசாரிப்பு அல்ல, பயம். "தேறிட்டே" என்று சொன்னால் அது கிட்டத்தட்ட ஒரு துஆ, இறைவனிடம் கேட்கிற வேண்டுதல்.

இருபத்திரண்டு வயதில் ஹிதாயத்துல்லா சபருக்குப் போனார். ஷார்ஜாவில் ஒரு சிற்றுண்டிக் கடையில் கல்லா. காலையில் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்தால் ராத்திரி கடை சாத்தும்போதுதான் இறங்குவது. பசிக்கிறதோ இல்லையோ, அடுக்களையிலிருந்து ஏதாவது வந்துகொண்டே இருக்கும். விடுமுறைக்கு ஊர் வரும்போதெல்லாம் ஆளுக்கு முன்னால் வயிறு வாசற்படி ஏறியது. அக்கா இரண்டு கையாலும் அவர் கன்னத்தைப் பிடித்து நெரித்து, "மாஷா அல்லா, எந்தம்பி தேறிட்டான்" என்பாள். பெட்டியில் என்ன கொண்டுவந்தார் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. வயிற்றைத்தான் பார்த்தாள்.

சபரை முடித்துக்கொண்டு வந்தவர், மனைவி ஷமீனாவின் ஊரான சிதம்பரத்தில் தங்கிவிட்டார். கீழவீதியை ஒட்டிய சந்து ஒன்றில் பேன்சி ஸ்டோர் வைத்தார். அங்கேயும் உட்காருவதுதான் வேலை. ஸ்டூல் மாறி நாற்காலி ஆயிற்று, அவ்வளவுதான். பக்கத்துக் கடை உத்திராபதி மிக்சியும் மின்விசிறியும் பழுது பார்க்கிறவர். வயதில் ஒத்தவர், வாயில் மூத்தவர்.

"என்னா மச்சான், ஒன் வயிறு கடை தொறந்து கால் மணி நேரம் கழிச்சுத்தான் நீ வந்து சேர்ற போலிருக்குது."

"சும்மா இரு மச்சான். இது செழிப்பு."

"செழிப்புதான். கீழ செருப்ப யாரு மாட்டி உடுறது, எந்தங்கச்சியா?"

அது உண்மை. செருப்பின் வாரை மாட்டக் குனிந்தால் மூச்சு முட்டியது. கால் நகத்தை ஷமீனாதான் வெட்டிவிட்டாள். தரையில் உட்கார்ந்து சாப்பிட்டால் எழுந்திருக்கச் சுவரோ ஆளோ வேண்டியிருந்தது. பள்ளிவாசலில் சஜ்தாவுக்குப் போனால் வயிறு முதலில் தரையைத் தொட்டு நெற்றியைத் தடுத்தது. ஒருநாள் சஜ்தாவிலிருந்து எழ முடியாமல் பக்கத்து ஆளின் தோளைப் பிடித்துவிட்டார். மறுநாளிலிருந்து கடைசி வரிசையில், கிழவர்களோடு, நாற்காலியில் உட்கார்ந்து தொழுதார். அவருக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. வயதாகிவிட்டது என்று தானே சொல்லிக்கொண்டார். கேட்டவர்களும் தலையாட்டினார்கள்.

சலீமா பீவி திருப்பாதிரிப்புலியூர் வீட்டிலேயே இருந்தாள். கணவர் இளவயதிலேயே போய்விட்டார். பிள்ளை இல்லை. துப்பட்டி போடாமல் வாசலில் நின்ற பெண் அல்ல. பால்காரரிடம்கூடக் கதவுக்குப் பின்னாலிருந்து பாத்திரத்தை மட்டும் நீட்டுவாள். ஈரலில் கட்டி என்று தெரிந்தபோது வியாதி நெடுந்தூரம் வந்திருந்தது. ஒருநாள் குளியலறையில் மயங்கி விழுந்தாள். கூட இருந்து வீட்டு வேலை பார்க்கிற அமிர்தம் போன் பண்ண, ஹிதாயத்துல்லா சிதம்பரத்திலிருந்து பஸ் பிடித்து மஞ்சக்குப்பத்தில் இருந்த ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள், ஆம்புலன்ஸ் ஆட்கள் இரண்டு பேர் அவளைத் தூக்கி, இறக்கி, மறுபடி தூக்கிக் கட்டிலில் போட்டிருந்தார்கள். துப்பட்டி எங்கோ நழுவி விழுந்திருந்தது. அவர் உள்ளே போனபோது அவள் போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டு கிடந்தாள்.

"எவனோ தூக்குனான் தம்பி."

"அவுங்க வேலைக்கா அது. அவுங்களும் நம்ம புள்ளைங்க மாதிரிதான்."

"உசுரோட இருக்கறப்ப நடந்துருச்சு. போவட்டும்." போர்வைக்குள்ளிருந்து அவள் கை வெளியே வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தது. "மௌத்தானப்புறம் அன்னிய ஆம்பள கை எம்மேல படக்கூடாது. கபர்ல நீதான் எறக்கணும். சொல்லு."

"எறக்குறேன்க்கா."

"சத்தியமா?"

"சத்தியமா."

பெண் மையித்தைக் கபரில் இறக்குவது மஹ்ரமான ஆணின் கடமை. அதாவது நிக்காஹ் செய்யக் கூடாத நெருங்கிய உறவு, தகப்பன், மகன், உடன்பிறந்தான். அப்படி யாரும் இல்லையென்றால் நல்ல மனிதர்கள் யாரும் இறக்கலாம் என்று மார்க்கத்தில் வழி இருக்கிறது. அது அவளுக்கும் தெரியும். ஆனால் அவள் கேட்டது வழியை அல்ல, தம்பியை. உலகத்தில் அவளுக்கு மஹ்ரமான ஆண் என்று மிஞ்சியிருந்தவர் அவர் ஒருவர்தான். அவருக்கும் ஒரே மகள்; மருமகன் ஜாபிர் நல்ல பலசாலி, ஆனால் சலீமா பீவிக்கு அன்னியன்.

ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்தபோது ரோட்டோரம் மழைநீர் வடிகாலுக்காக வெட்டியிருந்த பள்ளம் ஒன்று அவர் கண்ணில் பட்டது. இடுப்பளவு ஆழம்தான் இருக்கும். அதில் இறங்கி ஏற முடியுமா என்று நின்று பார்த்தார். ஒரு காலை விளிம்பில் வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார்.

சிதம்பரத்தில் கயல்விழி என்ற பெண் பிசியோதெரபி நிலையம் வைத்திருந்தாள். மகள் வயதுதான். போன அன்று அவள் டேப்பை எடுத்து அவர் இடுப்பை அளந்தாள். பிறகு தொடையை அளந்தாள். பிறகு கை வைக்காத நாற்காலி ஒன்றில் உட்கார வைத்தாள்.

"கைய நெஞ்சுல கட்டிக்குங்க சார். அப்படியே எழுந்திரிங்க."

அவர் முன்னால் சாய்ந்தார். வயிறு தொடையில் இடித்தது. ஆடி ஆடி வேகம் எடுத்துப் பார்த்தார். பாதி எழுந்து மறுபடி நாற்காலியிலேயே விழுந்தார்.

"வயித்துல ஏறுனத எல்லாரும் பாத்துருப்பாங்க. அதே நேரத்துல தொடையிலேருந்து எறங்கிட்டே இருந்துருக்கு சார், அத யாரும் பாக்கல. தூக்க வேண்டிய பாரம் கூடிப்போச்சு, தூக்குற சதை கொறஞ்சுபோச்சு. ரெண்டும் ஒண்ணா சேர்ந்தா இப்படித்தான் உக்கார வச்சுடும்." டேப்பைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள். "இவ்ளோ நாளு இல்லாம இப்ப எதுக்கு சார் திடீர்னு?"

"ஒரு குழில எறங்கி ஏறணும்மா."

"என்னா குழி சார்? செப்டிக் டேங்க் எதுனா எடுத்துக் கட்டுறீங்களா?"

"கபர் குழிம்மா. எங்க அக்காவுக்கு."

அவள் டேப்பை மேசைமேல் வைத்தாள். "அவுங்க எப்ப..."

"இருக்காங்க. கடலூர்ல."

கயல்விழி குழியின் ஆழம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, உள்ளே நின்று என்ன செய்யவேண்டும் என்று மட்டும் கேட்டாள். ஹிதாயத்துல்லா எழுந்து நின்று காட்டினார். ஆழம் நெஞ்சுவரை வரும். உள்ளே ஒரு ஆள் தலைமாட்டிலும் ஒரு ஆள் கால்மாட்டிலும் நிற்பார்கள். மேலிருந்து நீட்டுகிற மையித்தை இரண்டு கையிலும் வாங்கி, குந்தி, தரையில் வைத்து, முகத்தை மேற்கே, கிப்லா பக்கம் திருப்பி, கஃபன் துணியின் முடிச்சை அவிழ்க்க வேண்டும். குந்தி என்று சொல்லும்போது அவர் கொஞ்சம் மடங்கிப் பார்த்தார். முட்டி கடகடவென்று சத்தம் போட்டது.

"குந்துறதுதான் சார் முக்கியம். அதுலேருந்து ஆரம்பிப்போம்."

வீட்டில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாதி குந்தி எழுந்தார். வியர்வை தரையில் சொட்டியது. ஷமீனா துடைப்பத்தோடு வந்து நின்று பார்த்தாள்.

"நிக்காஹ் அன்னிக்குக்கூட ஒங்களுக்கு இவ்ளோ வேர்க்கல."

"அன்னிக்கு ஒல்லியா இருந்தேன்."

"இப்ப மட்டும் என்ன, கம்பி வளையுது பாருங்க."

சிரித்துக்கொண்டே சொன்னாலும் அவள்தான் சோற்றை அளந்து பாதியாக்கினாள், ராத்திரி பரோட்டா வாங்குவதை நிறுத்தினாள், டீயில் சர்க்கரையைக் குறைத்துக் குறைத்து ஒருநாள் போடாமலே கொடுத்தாள். விடியற்காலையில் அண்ணாமலைநகர்ப் பக்கம் மரங்களுக்குக் கீழே நடந்தார். முதலில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து போனவர், பிறகு ஓரிடத்தில், பிறகு உட்காராமல் போனார். சித்திரை வெயில் முடிந்து ஆடிக்காற்று வீசும்போது பெல்ட்டில் புது ஓட்டை போடவேண்டி வந்தது. கயல்விழியின் நாற்காலியிலிருந்து நெஞ்சில் கை கட்டிக்கொண்டே எழுந்தார். அன்று அவள் கை தட்டினாள். உள்ளே சிகிச்சைக்குப் படுத்திருந்த ஒரு கிழவரும் என்ன ஏது என்று தெரியாமலே தட்டினார்.

கீரப்பாளையத்தில் உத்திராபதியின் தம்பிக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. தென்னங்கன்று வைப்பதற்காக வரப்போரம் குழிகள் வெட்டியிருந்தார்கள். விஷயத்தைக் கேள்விப்பட்ட உத்திராபதி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹிதாயத்துல்லாவைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு அங்கே போனார். ஹிதாயத்துல்லா கைலியை மடித்துக் கட்டி, விளிம்பில் உட்கார்ந்து, உள்ளங்கையை ஊன்றிக் குழிக்குள் இறங்கினார்.

"மேலேருந்து பாத்தா யான புடிக்கிற குழி மாதிரியே இருக்குது மச்சான்."

"பேசாத. குந்தப் போறேன்."

குந்தினார். முட்டி வலித்தது, ஆனாலும் மடங்கியது. ஈரமான களிமண்ணை இரண்டு கையாலும் தொட்டார். அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு விளிம்பில் முழங்கையை ஊன்றி, காலை உதைத்து, ஒரு பக்கமாகப் புரண்டு, உத்திராபதி நீட்டிய கையைப் பிடிக்காமலே மேலே வந்தார். வரப்பில் மல்லாந்து படுத்துக்கொண்டு மூச்சு வாங்கினார். சட்டையெல்லாம் மண். தென்னங்குழி இடுப்பளவுதான், கபர் அதைவிட ஆழம். இருந்தாலும் மிச்ச ஆழத்துக்கும் பழகிக்கொள்ளலாம் என்று அன்று அவருக்கு முழு நம்பிக்கை இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அக்காவைப் பார்க்கப் போனார். நடுவில் சில வாரம் ஷமீனாதான் போய் வந்துகொண்டிருந்தாள். சலீமா பீவி கட்டிலில் தலையணையில் சாய்ந்திருந்தாள். கண் மஞ்சளாகிவிட்டிருந்தது. தம்பி உள்ளே வந்ததும் அவள் முகம் மலரவில்லை. அவர் சட்டையைப் பார்த்தாள். தோளில் தொங்குகிற மாதிரி இருந்த காலரைப் பார்த்தாள்.

"இளைச்சுட்டியேடா."

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா."

"எங்கிட்ட மறைக்கிறியா? சுகரா? அத்தாவுக்கும் இப்படித்தான் மொதல்ல சட்ட தொளதொளன்னு ஆச்சு. நான்தானே கையால புடிச்சுத் தச்சுக் குடுத்தேன்."

உன்னுடைய கபரில் இறங்கத்தான் இளைத்தேன் என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். அவள்தான் கேட்டாள், அவர்தான் சத்தியம் செய்தார். ஆனாலும் மஞ்சள் பாரித்த அந்த முகத்துக்கு நேரே அந்தச் சொல் வரவில்லை.

"கடைல வேலை ஜாஸ்திக்கா" என்றார்.

அவள் அழுதாள். அமிர்தம் கஞ்சி கொண்டுவந்து நீட்டினாள். அதைத் தள்ளிவிட்டாள். டாக்டர் சொல்லியிருந்தது, எப்படியாவது கொஞ்சம் உள்ளே போகவேண்டும் என்று. அமிர்தம் கெஞ்சினாள், ஹிதாயத்துல்லா கெஞ்சினார்.

"நீ சாப்புடு. நீ சாப்புட்டா நான் குடிக்கிறேன்."

அவர் சாப்பிட்டார். அன்றைக்கு அடுப்பில் நெய்ச்சோறும் தால்ச்சாவும் இருந்தன. அவர் ஒரு வாய் வைத்தால் அவள் ஒரு மிடறு கஞ்சி குடித்தாள். அவர் நிறுத்தினால் அவளும் தம்ளரைக் கீழே வைத்தாள். கட்டிலில் படுத்தபடியே தட்டைக் கண்காணித்தாள்.

"அமிர்தம், நெய் ஊத்து. இன்னும் ஊத்து. உங்கூட்டு நெய்யா அது, இப்படிக் கையப் புடிக்கிற?"

"போதும்மா, அவுரு மூச்சு வாங்குறாரு."

"வாங்கட்டும். சோத்துக்கு முன்னாடி மூச்சு வாங்குனா ஒண்ணும் ஆவாது."

அவள் உடம்பு மோசமாக ஆக, அவர் போவது அதிகமாயிற்று. வாரத்துக்கு ஒருமுறை என்பது ஒருநாள் விட்டு ஒருநாள் ஆயிற்று. காலை நடை நின்றது. கயல்விழி இரண்டு முறை போன் பண்ணினாள், பிறகு பண்ணவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து போய், அக்கா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு, பஸ்ஸில் உட்கார்ந்து திரும்பினார். சாப்பிடாமல் திரும்பிய ஒருநாள் அவள் இரவெல்லாம் தண்ணீர்கூடத் தொடவில்லை என்று அமிர்தம் சொன்னாள்.

"நெசத்த சொல்லிடக் கூடாதாப்பா அவுங்ககிட்ட? நீ எதுக்கு இளைச்சேன்னு."

"எப்படிம்மா சொல்றது? ஒனக்குக் குழி வெட்டி ஒத்திகை பாக்குறேன்னா?"

அமிர்தம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

டாக்டர்கள் சொன்ன கெடுவைத் தாண்டி சலீமா பீவி இருந்தாள். ஆவணி போயிற்று, புரட்டாசி போயிற்று. பெல்ட் புது ஓட்டையிலிருந்து பழைய ஓட்டைக்குத் திரும்பியது; பிறகு பெல்ட்டே போடாமல் கைலிக்கு வந்துவிட்டார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக் குந்திப் பார்த்த அன்று எழ முடியவில்லை, ஷமீனா இழுத்துவிட்டாள். அவள் அன்று கேலி ஏதும் சொல்லவில்லை. போனதைவிடத் திரும்பி வந்த கனம் மோசமாக இருந்தது. முதலில் கொஞ்சமாவது பழக்கத்தில் சுமந்தது இப்போது அந்த வலுவும் இல்லாமல் தொங்கியது.

ஐப்பசியில் ஒரு பகல், கடலூரிலிருந்து திரும்பும்போது, பஸ் ஆலப்பாக்கம் தாண்டி மழையில் நின்றுவிட்டது. வயிறு நிறைந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே வயலெல்லாம் தண்ணீர். அக்கா ஆடி மாதத்தில் போயிருந்தால், அந்தத் தென்னங்குழியில் இறங்கி ஏறின மாதத்தில் போயிருந்தால், சத்தியத்தைக் காப்பாற்றியிருக்கலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்தது வந்ததுதான். அவர் இரண்டு கையாலும் முன்னிருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர், "என்னாங்க, மயக்கமா? காத்தோட்டமா உக்காருங்க" என்றார். அன்றிலிருந்து அக்காவின் முகத்தை நேராகப் பார்ப்பது அவருக்குக் கஷ்டமாக இருந்தது. தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

கார்த்திகை பிறந்த சில நாளில் அவள் பேச்சு குளறத் தொடங்கியது. ஒருநாள் மட்டும் தெளிவாக இருந்தது. சாப்பிட்டுக் கை கழுவி வந்தவரைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, பழையபடி மணிக்கட்டைப் பிடித்தாள். பிறகு தன் கையை எடுத்து அவர் வயிற்றின்மேல் வைத்தாள். அவள் கை எலும்பாக இருந்தது.

"தேறிட்டே தம்பி."

"ம்."

"இப்பத்தான் எனக்கு நிம்மதி. நடுவுல நீ இளைச்சு வந்து நின்னப்ப எனக்கு உசுரே இல்ல. இவன் எப்படி நம்மள எறக்கப் போறான், இவனுக்குத் தெம்பு ஏதுன்னு. அதான் திட்டித் திட்டித் தின்ன வச்சேன்." மூச்சுக்காக நிறுத்தினாள். "ஒங்கிட்ட சொல்ல முடியில. என்னா நெனச்சுக்குவேன்னு."

ஹிதாயத்துல்லா தலையாட்டினார். இரண்டு பேரும் ஒரே குழியை நினைத்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் சொல்லாமல், ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்திருக்கிறார்கள். சமையலறை வாசலில் நின்ற அமிர்தம் அவரைப் பார்த்தாள். சொல்லிவிடாதே என்பதுபோல் அவர் தலையை லேசாக அசைத்தார்.

அதற்கடுத்த வாரம் சலீமா பீவி மௌத்தானாள்.

பெண்கள் குளிப்பாட்டிக் கஃபனிட்டார்கள். ஜனாஸா தொழுகை முடிந்து, மையித்தை வைத்த சந்தூக்கைத் தூக்கும்போது வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஹிதாயத்துல்லாவால் ரொம்ப தூரம் தோள்கொடுக்க முடியவில்லை. ஜாபிர் அவர் தோளிலிருந்து வாங்கிக்கொண்டான். கபரஸ்தானில் முந்தின நாள் மழையில் மண் ஊறிக் கிடந்தது. வெட்டி முடித்த குழியின் அடியில் தண்ணீர் கசிந்து, அதை வாளியால் இறைத்துவிட்டு மணல் கொட்டியிருந்தார்கள்.

"யாரு எறங்குறது?" என்று பள்ளிவாசல் மோதினார் கேட்டார்.

"நான்தான். கூடப்பொறந்தவன்" என்றார் ஹிதாயத்துல்லா.

மோதினார் அவரை மேலும் கீழும் பார்த்தார். "வேணாம் பாய். சுவரு சொதசொதன்னு இருக்கு. மாப்ள எறங்கட்டுமே. அல்லா ஒண்ணும் குத்தம் புடிக்க மாட்டான்."

"அல்லா புடிக்க மாட்டான் ஹஜரத். நான் வாக்குக் குடுத்துருக்கேன்."

மோதினார் ஒதுங்கிக்கொண்டார். ஹிதாயத்துல்லா விளிம்பில் உட்கார முயன்றார். உட்கார முடியவில்லை. இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்து உட்கார வைத்தார்கள். காலைத் தொங்கவிட்டுத் திரும்பி, வயிறு விளிம்பில் உரச, சறுக்கினார். அந்த எடைக்கு விளிம்பு தாங்கவில்லை. ஒரு பாளம் மண் பெயர்ந்து அவரோடு உள்ளே விழுந்தது. "பாத்து, பாத்து" என்று கபர் வெட்டுகிறவர் கத்தினார்.

உள்ளே நின்றுவிட்டார். நெஞ்சளவு குழி. முன்னால் வயிறு ஒரு சுவரில், முதுகு மறு சுவரில். காலடியில் பெயர்ந்து விழுந்த மண் கிடந்தது. அதை அள்ளி வெளியே போடவேண்டும். குனியப் பார்த்தார். குந்தப் பார்த்தார். முட்டி மடங்கவில்லை, மடங்கவும் இடம் இல்லை. சுவரைப் பிடித்துப் பலம் கொடுத்ததில் இன்னொரு பக்கமும் சரிந்தது. மேலே நின்றவர்களின் செருப்புகள் அவர் கண்ணுக்கு நேராக இருந்தன.

"மாமா" என்றான் ஜாபிர். குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "மேல வந்துடுங்க மாமா."

"ஒரு நிமிஷம். குந்திடுவேன்."

"மழ வருது மாமா. மாமிய மழையில வச்சிருக்கோம்."

அவர் கையைத் தூக்கிக் கொடுத்தார். நான்கு பேர் இழுத்தார்கள். கால் ஊன்ற இடமில்லாமல் வழுக்கியது. கைலி அவிழ, யாரோ ஒருவர் துண்டை அவர் இடுப்பில் சுற்றிப் பிடித்துக்கொண்டே இழுத்தார். ஒருவழியாக வெளியே வந்து சேற்றில் கவிழ்ந்து கிடந்தார். குழியின் ஒரு பக்கச் சுவர் முழுக்கப் போயிருந்தது. கபர் வெட்டுகிறவர் மண்வெட்டியோடு இறங்கி மறுபடி செதுக்கத் தொடங்கினார். அதுவரை சலீமா பீவியின் சந்தூக்கைத் தூறலில், ஒரு பிளாஸ்டிக் பாயைப் போட்டு மூடி வைத்திருந்தார்கள்.

குழி தயாரானதும் ஜாபிரும், பள்ளிவாசலுக்குத் தொழ வருகிற பழக்கடைக்காரர் ஒருவரும் இறங்கினார்கள். பழக்கடைக்காரரின் பெயர்கூட ஹிதாயத்துல்லாவுக்குத் தெரியாது. பெண் மையித்து என்பதால் மற்ற ஆண்களின் கண் படாதபடி கபருக்கு மேலே ஒரு போர்வையை விரித்துப் பிடிக்க வேண்டும். மூன்று மூலைக்கு ஆள் நின்றார்கள். நான்காவது மூலையை மோதினார் ஹிதாயத்துல்லாவின் கையில் கொடுத்தார். அவரை வேறெங்கே நிறுத்துவது என்று மோதினாருக்குத் தெரிந்திருக்காது.

போர்வைக்குக் கீழே அக்கா போனாள். அசைவு மட்டும் தெரிந்தது. "தலைய புடிங்க பாய்" என்று ஜாபிர் சொல்வது கேட்டது. "புடிச்சுட்டேன்" என்றது பழக்கடைக்காரரின் குரல். ஹிதாயத்துல்லா எட்டிப் பார்க்க முயன்றார். விளிம்புக்கும் அவர் கண்ணுக்கும் நடுவில் அவருடைய வயிறுதான் இருந்தது.

"மாமா." போர்வைக்குக் கீழிருந்து ஜாபிரின் குரல். "தல முடிச்ச அவுக்கட்டுமா?"

அந்த முடிச்சை அவிழ்க்க வேண்டிய கை போர்வையின் மூலையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"அவுத்துடு" என்றார். பிறகு, "மெதுவா" என்றார்.

பலகைகளை அடுக்கும் சத்தம் கேட்டது. ஒவ்வொன்றாக ஈர மண்ணில் பதிந்தது. தூறல் வலுத்து, போர்வை நனைந்து கனத்து, நடுவில் தொய்ந்தது. மற்ற மூன்று பேரும் மூலைகளை விட்டுவிட்டார்கள். "ஆயிடுச்சு பாய், விடலாம்" என்று யாரோ சொன்னார்கள். இன்னொருமுறையும் சொன்னார்கள். பிறகு மோதினார் வந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, துணியை வாங்கிக்கொண்டு, குனிய முடியாத அவர் கபரில் போடட்டும் என்று தானே குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்தார்.